கூண்டுக்குள் ஒப்பாரி

போன வாரக் கதையில் வார்சோவைப் பறவைப் பாட்டுப் பந்தயத் திடலில் தலைகுனிய வைத்துவிட்டு வந்தோம். பாவம், மனுஷர் இன்னும் நிமிரவில்லை.

நடந்தது இதுதான். வட்டாரம் முழுக்கப் பேர் வாங்கிய அவருடைய சோலைபாடிப் பறவை, துவான் என்று பெயர், நடுவர்கள் எதிரே வாலை ஆட்டி, நெஞ்சை நிமிர்த்திப் பாட ஆரம்பித்தது. தேன்சிட்டைப் போலப் பாடியது. தையல்சிட்டைப் போலப் பாடியது. கூட்டம் கைதட்டத் தயாராக இருந்த நேரத்தில் குரலை மாற்றிக் கெடாசியைப் போல அழுதது.

கெடாசி என்பது குயில் ஜாதியில் சிறியது. அது அழுதால் பக்கத்தில் எந்த வீட்டிலோ சாவு விழும் என்பது ஜாவாவில் கிளாத்தென் பக்கம் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். மற்ற பறவைக்காரர்கள் தங்கள் பறவைகளும் அந்த அழுகையைக் கற்றுக்கொள்ளுமுன் கூண்டுகளுக்குத் துணி போர்த்தித் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். திடலின் நடுவில் வார்சோவும் துவானும் மட்டும் நின்றார்கள்.

துவானுக்கு அந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தது யார்? வார்சோவின் மனைவி சுலாஸ்மியின் தோட்டம்தான்.

வீட்டுக்குப் பின்னால் முன்பு ஆட்டுப்பட்டி இருந்த இடம் அது. மகள் ரெத்னோ கல்யாணமாகி சோலோ நகரத்துக்குப் போன பிறகு, வெறிச்சென்று கிடந்த வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல் சுலாஸ்மி மண்வெட்டியை எடுத்தாள். பட்டி இருந்த பள்ளத்தை ஆழப்படுத்திக் குளமாக்கினாள். ஆற்றிலிருந்து ஒவ்வொரு கல்லாகப் பைக்கில் கொண்டுவந்து கரை கட்டினாள். மூங்கில் குழாயில் கிணற்றுத் தண்ணீர் சொட்டும்படி செய்தாள். செம்பருத்தி, வாழை, இஞ்சிப்பூ, கொய்யா, ஓரத்தில் ஒரு நாரத்தை. எந்தச் செடியையும் வரிசையில் வைக்கவில்லை. எந்தப் பறவை எங்கே உட்கார ஆசைப்படும் என்று பார்த்துப் பார்த்து வைத்தாள்.

அதோடு நிறுத்தியிருந்தால் ஊர் சும்மா இருந்திருக்கும். அவள் உதிர்ந்த இலையைக் கூட்டுவதையும் நிறுத்திவிட்டாள். விடிந்ததும் வாசலையும் கொல்லையையும் ஈர்க்குமாறின் கோடு தெரியக் கூட்டாதவளை இங்கே யாரும் குடும்பப் பெண் என்று ஒப்புக்கொள்வதில்லை. பக்கத்து வீட்டு சுமினி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, உங்கள் வீட்டுத் துடைப்பம் செத்துப்போய்விட்டதா, தூக்குவதற்கு நாலு ஆள் அனுப்பட்டுமா என்று விசாரித்தாள். சுலாஸ்மி சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். இலைக்கு அடியில் அரணையும் தவளையும் குடிவந்திருந்தன. குளத்தங்கரையில் ஓர் உடும்பு வெயில் காய்ந்தது. பொழுது சாய்ந்தால் மரநாய் கொய்யாவுக்கு வந்தது. யாரையும் அவள் கூப்பிடவில்லை, யாரையும் அடைக்கவில்லை. தன் கையால் ஆன காரியத்தைப் பார்த்து ஒரு மனுஷி இவ்வளவு சந்தோஷப்படலாம் என்பதே அவளுக்கு ஐம்பதை நெருங்கிய வயதில்தான் தெரிந்தது.

வார்சோ அந்தத் தோட்டத்தைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. ஓர் ஆண் முழு ஆணாக ஐந்து வேண்டும் என்று ஜாவாக்காரர்கள் சொல்வார்கள்: வீடு, பெண்டாட்டி, குதிரை, குத்துவாள், பறவை. குதிரைக்குப் பதில் இந்தக் காலத்தில் பைக். வார்சோவிடம் ஐந்தும் இருந்தன. ஆனால் கடைசியில் இருப்பதை முதலில் வைத்து எண்ணுகிற ஆள் அவர். துவானுக்கு எறும்பு முட்டை ஊட்டி, தண்ணீர் தெளித்துக் குளிப்பாட்டி, இளவெயில் காட்டிய பிறகுதான் பெண்டாட்டி டீ குடித்தாளா என்ற நினைப்பே அவருக்கு வரும்.

அப்படிப்பட்டவருக்கு ஒருநாள் ஒரு யோசனை வந்தது. பின் தாழ்வாரத்தில் கூண்டை மாட்டினால் காட்டுப் பறவைகளிடம் துவான் காசில்லாமல் பாட்டுக் கற்றுக்கொள்ளுமே. மாட்டினார். உன் குப்பைமேட்டாலும் ஒரு பிரயோஜனம் இருக்கிறது என்று சுலாஸ்மியைப் பாராட்டவும் செய்தார். தையல்சிட்டு வரும் தோட்டத்துக்கு, அதன் கூட்டில் திருட்டு முட்டை இடக் கெடாசியும் வரும் என்பதை அந்தப் பந்தயப் புலி யோசிக்கவில்லை.

இனி பந்தயத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை காலைக்கு வருவோம்.

சுலாஸ்மி டீ டம்ளரோடு நாரத்தைச் செடி எதிரே குந்தியிருந்தாள். இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்த கூட்டுக்குள் ஒரு கெடாசிக் குஞ்சு வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. வளர்ப்புத் தாயான தையல்சிட்டு அதில் பாதி அளவுகூட இல்லை. பிள்ளையின் முதுகில் ஏறி நின்றுதான் அதன் வாயில் புழுவைத் திணித்தது. நீ இட்ட முட்டைகளை வெளியே தள்ளிவிட்ட பிள்ளைக்கு இப்படி ஓடி ஓடி உழைக்கிறாயே, அசடே என்று சுலாஸ்மி அதைச் செல்லமாகத் திட்டினாள்.

அந்த நேரத்தில் பின் தாழ்வாரத்தில் துவான் அழுதது. மெதுவாகத் தொடங்கி, படியேறுவதுபோல ஏறி, உச்சியில் உடைந்துபோகும் கெடாசியின் அதே அழுகை.

அதற்கு நேர் எதிரே இருந்த ஜன்னல் சாத்தியிருந்தது. அது ரெத்னோவின் அறை. ஏழாம் மாதச் சடங்கு முடிந்து, பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்திருக்கிறாள். இதற்கு முந்தைய பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. அதனால் இந்தத் தடவை வீட்டில் எல்லோரும் கண்ணாடிமேல் நடப்பதுபோல நடந்துகொண்டிருந்தார்கள். பிள்ளை பிறக்கும்வரை ஒரு கொசுவைக்கூட அடிக்கக் கூடாது என்று மருமகன் திமாஸுக்குக் கட்டளை. உயிரைக் கொன்றால் அது ஊனமாக வயிற்றுப் பிள்ளைமேல் விழும் என்பது ஊர் நம்பிக்கை. கொசு கடித்தால் திமாஸ் ஊதி அனுப்பிவிட்டுச் சொறிந்துகொண்டிருந்தான்.

வார்சோ தாழ்வாரத்துக்கு வந்தார். கண்கள் சிவந்திருந்தன. கூண்டைக் கொக்கியிலிருந்து இறக்கினார். கதவைத் திறந்து கையை உள்ளே விட்டார். தினமும் எறும்பு முட்டை கொண்டுவரும் கை அது. துவான் துள்ளி வந்து அவர் விரலில் உட்கார்ந்தது.

அவர் விரல்களை மூடி, கழுத்தைத் திருகினார்.

சுலாஸ்மியின் கையிலிருந்த டம்ளர் விழுந்தது. வார்சோ பறவையை வெளியே எடுத்துத் தரையில் வைத்தார். பிறகு தேக்கில் கொடியும் பூவும் செதுக்கிய அந்தக் கூண்டைத் தூக்கிக் கிணற்றுச் சுவரில் அடித்தார். உடையவில்லை. திரும்பத் திரும்ப அடித்தார். குச்சி குச்சியாகத் தெறித்து, கையில் வெறும் கொக்கி மிஞ்சும்வரை அடித்தார்.

"பந்தயத்துல தோத்ததுக்கு வாயில்லா ஜீவன்தான் கெடைச்சுதா, பாக்?"

பாக், அதாவது அப்பா, என்றுதான் சுலாஸ்மி புருஷனைக் கூப்பிடுவாள்; அவர் அவளை பு, அம்மா என்பார். வார்சோ சமையலறைக் கூரையில் செருகியிருந்த வெட்டரிவாளை உருவிக்கொண்டு படியிறங்கினார். கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த திமாஸ் ஈரத் துண்டோடு ஓடிவந்து மறிக்கப் பார்த்தான்.

"நீ கிட்ட வராத," என்றார் வார்சோ. "உன் மேல ஒரு சொட்டு ரத்தம் தெறிக்கக் கூடாது. தள்ளி நில்லு."

திமாஸ் நின்றுவிட்டான். மாமனாருக்குப் பயந்தானோ, வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குப் பயந்தானோ, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கிணற்றடியிலேயே நின்றான்.

முதலில் வாழை விழுந்தது. ஒரே வீச்சு. பூத்துக் குலுங்கிய இஞ்சிப்பூப் புதரை வார்சோ மாறி மாறி வெட்டினார், சிவந்த மடல்கள் அவர் முழங்கால்வரை ஒட்டிக்கொண்டன. செம்பருத்தியின் அடியில் காலை ஊன்றி முறித்தார். கூட்டாத இலைக் குவியலை அவர் உதைக்க உதைக்க அதற்குள்ளிருந்த தவளைகள் நாலா பக்கமும் சிதறின. மிதிபட்டவை மிதிபட்டன.

சுலாஸ்மி அவர் முதுகுச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சட்டை கிழிந்ததே தவிர அவர் நிற்கவில்லை. குளத்தங்கரையில் எப்போதும் காயும் உடும்பு, கூச்சலில் மிரண்டு தண்ணீருக்குப் போகாமல் அவர் காலுக்கு நேராக ஓடியது. அரிவாள் அதன் இடுப்பில் இறங்கியது. உடும்பு சாகவில்லை. பின்பாதியை இழுத்துக்கொண்டு கல்லுக்குக் கல் ரத்தம் தடவிப் போயிற்று. அந்தக் கல் ஒவ்வொன்றும் எந்த நாள், எந்த வெயிலில் கொண்டுவந்தது என்று சுலாஸ்மிக்குத் தெரியும்.

வேலிக்கு மேலே சுமினியின் தலை தெரிந்தது. அவளுக்குக்கூட அன்றைக்குக் கிண்டல் வரவில்லை.

மிச்சம் இருந்தவை கொய்யாவும் நாரத்தையும். வார்சோ நாரத்தையைப் பார்த்து நடந்தார். சுலாஸ்மி ஓடிப்போய் செடிக்கு முன்னால் நின்றாள்.

"இதுல குஞ்சு இருக்கு."

"அதுக்காகத்தான் வர்றேன்."

"நாலு நாள் பொறுங்க. இறக்கை முளைச்சிடுச்சு. பறந்துடும், தாயும் போயிடும்."

"நாலு நாள் கெடையாது. ஒரு ராத்திரி கெடையாது. உனக்குத் தெரியாது, நகரு பு."

நகரவில்லை. அவர் இடது கையால் அவளைத் தள்ளினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவளை அலட்சியம் செய்திருக்கிறார், மறந்திருக்கிறார், நாலு பேர் எதிரே பறவைக்கு அடுத்தபடியாக வைத்திருக்கிறார். கைவைத்தது அதுதான் முதல் தடவை. குளத்துக் கல்லில் முகம் மோத விழுந்தாள். உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. கண்ணைத் திறந்தபோது கைக்கு எட்டும் தூரத்தில் மண்வெட்டி கிடந்தது. முந்தின நாள் பாத்தி வெட்டிவிட்டு அவளே போட்டது.

அவர் அரிவாளை ஓங்கினார். சுலாஸ்மி எழுந்து, மண்வெட்டியின் முதுகால் அவர் மணிக்கட்டில் அடித்தாள்.

காய்ந்த மட்டை முறிகிற சத்தம் கேட்டது. அரிவாள் எங்கோ போய் விழுந்தது. வார்சோ அப்படியே மண்டியிட்டுத் தரையில் உட்கார்ந்தார். கை ஒரு பக்கமும் விரல்கள் வேறு பக்கமும் பார்த்தன.

சுலாஸ்மி மண்வெட்டியை இன்னொரு தடவை ஓங்கினாள். வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் ஓங்கினாள். அவளுக்குத் தன்னைக் கண்டே பயம் வந்தது. அந்தப் பயத்துக்குள்ளே ஒரு திருப்தியும் இருந்தது. நல்ல பெண்மணி, அவளைப் போய் இப்படி எழுதலாமா என்று வாசகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இருந்ததைத்தான் சொல்கிறேன்.

திமாஸ் ஓடிவந்து மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டான். வார்சோ நிமிர்ந்து பார்த்தார். அடிபட்டவர் முகத்தில் கோபம் இருக்கும் என்று அவள் எதிர்பார்த்தாள். இல்லை. பெரிய பாரத்தைக் கரை சேர்க்க முடியாமல் பாதியில் இறக்கிவைத்தவர் போல் இருந்தார்.

"அடிச்சிட்டே. சரி விடு," என்றார். வலியில் பல் கிட்டியிருந்தது. "ரெத்னோவை மட்டும் ஒண்ணும் கேக்காத."

மகளுக்கு முன்னால் மானம் போய்விட்டது என்று வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டாள் சுலாஸ்மி. பக்கத்து ஊரில் எலும்பு கட்டுகிறவர் இருக்கிறார். மாமனாரைப் பைக்கில் ஏற்றி, விழுந்துவிடாமல் இருக்கத் தன் இடுப்போடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு திமாஸ் புறப்பட்டான். சுமினி, கிழிந்த உதட்டில் தடவ மஞ்சள் அரைத்துத் தரட்டுமா என்று வேலிக்கு அப்பாலிருந்து கேட்டாள். சுலாஸ்மி தலையை மட்டும் ஆட்டினாள். வேண்டும் என்றா வேண்டாம் என்றா, சுமினிக்கும் விளங்கவில்லை.

தோட்டத்தில் தனியாக நின்றபோது உடும்பின் மூச்சு கேட்டது. கொய்யா அடியில் போய் ஒதுங்கியிருந்தது. குடல் வெளியே வந்திருந்தது. நாக்கை நீட்டி நீட்டி உள்ளே இழுத்தது. விட்டால் பொழுது சாய்கிறவரை இழுத்துக்கொண்டிருக்கும். சுலாஸ்மி அதன் பக்கத்தில் போய் நின்றாள். எங்கள் மகள் வயிற்றுப் பிள்ளையைத் தொட்டுவிடாதே என்று முணுமுணுத்துக்கொண்டு, மண்வெட்டியைத் தலையில் இறக்கினாள். தானே வரவழைத்ததைத் தானே கொன்றாயிற்று. அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. உதட்டு ரத்தமும் மூக்குநீரும் ஒன்றாக வழிய, குழி வெட்டிக்கொண்டே அழுதாள்.

துவானையும் உடும்பையும் ஒரே குழியில் போட்டு மூடினாள்.

நிமிர்ந்தபோது ரெத்னோ தாழ்வாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வயிறு தள்ளி, முகம் வற்றி, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இந்தப் பெண் தூங்கி எத்தனை நாளாயிற்று என்பதையே சுலாஸ்மி அப்போதுதான் கவனித்தாள். குஞ்சுக்கு இறக்கை முளைத்ததைக் கவனித்தவள் இதைக் கவனிக்கவில்லை.

"உள்ள போ. இந்த ரத்தத்தையெல்லாம் பாக்காத."

"ஜன்னல் இடுக்குல எல்லாத்தையும் பாத்துட்டேம்மா."

"உங்கப்பாவுக்குப் பித்துப் பிடிச்சிருச்சு. பந்தயத்துல மானம் போனதுக்கு..."

"பந்தயத்துக்காக இல்லம்மா," என்றாள் ரெத்னோ. "நான்தான் செய்யச் சொன்னேன்."

சுலாஸ்மி மண்வெட்டியைக் கொய்யாவின்மேல் சாத்தினாள். அது சரிந்து விழுந்தது. எடுக்கவில்லை.

ரெத்னோ தூணை விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். வந்த நாளிலிருந்து தோட்டத்தில் ஒன்று அழுகிறது, அது ஓய்ந்தால் ஜன்னலுக்கு எதிரே கூண்டில் ஒன்று அழுகிறது. போன பிள்ளை போன அன்றைக்கும் ஆஸ்பத்திரிக்கு வெளியே மரத்தில் இதே அழுகை. இதெல்லாம் சும்மா நம்பிக்கை என்று திமாஸ் சொல்கிறார், அவளும் சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள், ஆனால் அழுகை கேட்டதும் வயிற்றுக்குள் பிள்ளை அசைகிறதா என்று கையை வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருக்கிறாள். அப்பாவிடம் சொல்லி அழுதாள். அவர் முதலில் முடியாது என்றார். துவானையா, முடியாது என்றார். நேற்று பந்தயத்திலிருந்து திரும்பி, அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுச் சரி என்றார்.

"அந்த அழுகை கூண்டுலயும் இருக்கு, தோட்டத்துலயும் இருக்கு, ரெண்டையும் அழிச்சாத்தான் தீரும்னு சொன்னேன். உன் அம்மா கிட்ட ஒரு வார்த்தை கேளும்மான்னு அப்பா சொன்னார். நான் மாட்டேன்னுட்டேன். அப்ப அவர் சொன்னார், சரி, நானே வெறி பிடிச்சு வெட்டினதா இருக்கட்டும், அவ என்னைத் திட்டிட்டுப் போகட்டும், பழகினதுதானே, உன்னை வெறுக்க வேண்டாம்னு."

சுலாஸ்மியின் கை தானாக எழுந்தது. பெற்ற மகளை, பிள்ளை சுமப்பவளை அறைய எழுந்த கை. ரெத்னோ விலகவும் இல்லை, கண்ணை மூடவும் இல்லை. சுலாஸ்மி கையைக் கீழே இறக்கி, அதில் ஒட்டியிருந்த மண்ணைப் இடுப்பில் சுற்றியிருந்த கைலியில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். முறிந்த மணிக்கட்டு திமாஸின் இடுப்புத் துண்டுக்குள் தொங்கிக்கொண்டு போன காட்சி கண்ணிலேயே நின்றது.

"பாவி," என்றாள். மகளைச் சொன்னாளா, தன்னையே சொல்லிக்கொண்டாளா என்பது அவளுக்கே தெரியவில்லை. "ஏண்டி அவர்கிட்டப் போனே? என்கிட்டக் கேட்டிருந்தா நானே வெட்டிப் போட்டிருப்பேனே."

"வெட்டியிருப்பீங்களா அம்மா?"

குத்திக்காட்டுகிற கேள்வி இல்லை அது. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நாரத்தைச் செடியில் இலை அசைந்தது. தையல்சிட்டு வாயில் புழுவோடு வந்திருந்தது. சுலாஸ்மி அந்தப் பக்கம் திரும்பக் கூடாது என்று நினைத்தாள். திரும்பிவிட்டாள்.

ரெத்னோ அதையும் பார்த்தாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொய்யாக இருந்தாலும் போதும். சுலாஸ்மி வாயைத் திறந்தாள். கிழிந்த உதடு எரிந்தது. வார்த்தை வரவில்லை.

மகள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு மெதுவாக உள்ளே போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. துணிகளை எடுத்து எடுத்துப் பெட்டியில் அடுக்கும் சத்தம் கேட்டது. சுலாஸ்மி மண்வெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி, சொல்ல வேண்டிய பொய்யை இன்னும் தேடிக்கொண்டிருந்தாள்.